கலிஸ்டோவில் ஒரு மண்சரிவு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். படத்தில் பள்ளங்களை எப்படி வட்டமிடுவது, நிழலின் நீளத்தை வைத்து உயரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். நான் ஒரே ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். வியாழனின் நிலாவான கலிஸ்டோவில், ஒரு பெரிய பள்ளத்தின் உட்சுவரிலிருந்து பிய்ந்து, பள்ளத்தின் தரையில் நாக்குப் போல நீண்டு கிடக்கும் ஒரு மண்சரிவு. பழக்கத்தில் மண் என்கிறேன். அங்கே இருப்பது பனிக்கட்டியும் தூசியும்தான். எதிர்காலத்தில் ஒரு விண்கலத்தை அந்த நாக்கின் மேல் இறக்கலாமா என்ற கேள்விக்கு, மலையூரான பண்டாரவளையில் ஒரு காய்கறிக் கடையின் மாடியறையிலிருந்து நாங்கள் இரண்டு பேர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நான் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். நிலவியல் படித்துவிட்டு, பதுளையில் மலைச்சரிவுகளை வரைபடமாக்கும் வேலையில் என் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, எந்த மலை எப்போதோ நகர்ந்திருக்கிறது, எது இனி நகரக்கூடும் என்று குறிப்பதுதான் வேலை. அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில், என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த பத்மினி வெளிநாட்டிலிருந்து ஒரு படத்தை அனுப்பினாள். "இது என்னன்னு சொல்லு" என்று மட்டும் எழுதியிருந்தாள். பார்த்தவுடன், "மண்சரிவு. எந்த மாவட்டம்?" என்று பதில் போட்டேன்.

"மாவட்டம் இல்ல ஸ்டெல்லா. கலிஸ்டோ" என்று வந்தது.

ஒரு மாதத்துக்குள் அவளுடைய குழுவில் சேர்ந்துவிட்டேன். காசுக்காகச் சேர்ந்தேன் என்று சொன்னால் பொய். மழை இல்லாத ஊரில் மலை எப்படிச் சரியும் என்ற கேள்வி என்னை விடவில்லை. எங்கள் பக்கத்தில் சரிவு என்றால் மழை. வானம் இருட்டினால் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் மேலே இருக்கும் மலையைத்தான் பார்ப்பார்கள். அங்கே மேகமும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் சரிந்திருக்கிறது.

கலிஸ்டோ கிட்டத்தட்ட புதன் கிரகத்தின் அளவு. முகம் முழுக்கப் பள்ளம். விண்கற்கள் விழுந்து விழுந்து, இனி ஒன்று விழுந்தால் பழைய ஒன்றை அழித்துக்கொண்டுதான் விழ வேண்டும் என்ற அளவுக்கு நெருக்கம். எரிமலை அதை மெழுகவில்லை, நிலநடுக்கம் கிழிக்கவில்லை. அதனாலேயே அங்கே போகலாம் என்கிறார்கள். வியாழனைச் சுற்றி ஆளைக் கொல்லும் கதிர்வீச்சு இருக்கிறது. உள்ளே சுற்றும் நிலாக்கள் அதற்குள்ளேயே கிடக்கின்றன. கலிஸ்டோ எட்டி நிற்கிறது. தரை அமைதியானது. குடிக்கவும் மூச்சுக்கும் எரிபொருளுக்கும் வேண்டிய தண்ணீர் காலடியில் பனிக்கட்டியாக இருக்கிறது. மனிதர்கள் என்றாவது வியாழன் பக்கம் போய்க் கூடாரம் அடித்தால், அது அநேகமாகக் கலிஸ்டோவில்தான் இருக்கும்.

அதில் ஒரு புதிர் உண்டு. பெரிய பள்ளங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தும், கிட்டே போய் எடுத்த சில படங்களில் சிறிய பள்ளங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பெரிய கல் விழுந்த இடத்தில் சிறிய கல் விழாமல் இருக்குமா? விழுந்திருக்கும். அப்படியானால் அந்தத் தடங்கள் எங்கே? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடியறையில் என்னோடு வேலை செய்தவன் யோகராஜ். படித்து முடித்து வந்த புதிதில் அவனை நான்தான் பத்மினிக்குச் சொன்னேன். கொஸ்லந்தைப் பக்கத்துப் பிள்ளை. அதிகம் பேசமாட்டான். கண் கூர்மை. குழுவில் எல்லோரும் பள்ளங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்த நாக்குச் சரிவைத் தனியாக எடுத்து வரைந்தது அவன். அதை இறங்குமிடமாகச் சொல்லலாம் என்று முதலில் எழுதியதும் அவன்தான். அவனுடைய வாதம் நல்ல வாதம். நாக்கின் மேற்பரப்பு வழவழப்பானது, விண்கலம் பாதுகாப்பாக இறங்கலாம். அதன் மேல் பள்ளங்கள் மிகக் குறைவு. பழைய தரை என்றால் கற்கள் விழுந்து விழுந்து பள்ளங்கள் சேர்ந்திருக்கும், ஆகவே அது இளமையான சரிவு. இளமையானது என்றால் உள்ளேயிருந்த பனிக்கட்டி புதிதாக வெளியே வந்திருக்கும். விண்கலத்தோடு போகும் துளைக்கருவி ஒரு ஆள் உயரத்துக்குக்கூட இறங்காது. பனியை மூடிக்கிடக்கும் தூசிப் போர்வை மெல்லியதாக இருக்கும் இடத்தில்தான் அது பனியைத் தொட முடியும். நாக்குதான் அந்த இடம்.

இரண்டு வருடம் அதே இடத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். குழு முழுவதும் அதை விரும்பத் தொடங்கியது. விண்கலத்தை இறக்கும் பொறியியலாளருக்கு வழவழப்புப் பிடித்தது. பத்மினிக்குப் பனி பிடித்தது. எனக்கும் பிடித்திருந்தது. எங்கள் இடத்தையும் இன்னொரு குழுவின் இடத்தையும் வைத்து ஒன்றைத் தெரிவு செய்யும் கூட்டம் நெருங்கியது. எங்கள் இடம் தெரிவானால் யோகராஜின் வேலை இன்னும் சில வருடங்களுக்கு உறுதி. இல்லாவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்பு, படத்தைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க உட்கார்ந்தேன். நாக்கின் எல்லையை வரைந்துகொண்டே வந்தவள், பழக்கத்தில் எல்லைக்கு வெளியேயும் பார்த்தேன். மலைச்சரிவு வேலையில் வந்த பழக்கம் அது. சரிந்த இடத்தைப் பார்த்தால் சரியாத இடத்தையும் பார்க்க வேண்டும். வெளியேயும் சிறிய பள்ளங்கள் குறைவாகவே இருந்தன.

"யோகராஜ், இங்க பாரு. நாக்குக்கு வெளிய இருக்கிற தரையிலயும் சின்னப் பள்ளம் கம்மிதான். இத யாரும் புதுசுன்னு சொல்லலியே."

எட்டிப் பார்த்தான். "அது வேற தரை மிஸ்."

"எப்படி வேற?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு, "கூட்டம் கிட்ட வந்துருச்சு. இப்ப போயி சொல்றீங்களே மிஸ்" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாக்குக்கு வெளியே இருக்கும் தரை மிகப் பழையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அங்கேயே சிறிய பள்ளங்கள் காணாமல் போயிருந்தால், பள்ளம் குறைவு என்பதை வைத்து நாக்கை இளமையானது என்று சொல்ல முடியாது. ஏதோ ஒன்று சிறிய பள்ளங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று புத்தகங்கள் சொல்லியிருந்தன. பனிக்கட்டி உருகாமலேயே மெல்ல மெல்ல ஆவியாகிப் போகிறது. பள்ளத்தின் விளிம்புகள் இற்று விழுகின்றன. பனியோடு கலந்திருந்த தூசி மட்டும் மிஞ்சித் தரையில் படிகிறது. இதை நான் படித்திருந்தேன். பலமுறை எழுதியும் இருந்தேன். ஆனால் கண்ணால் பார்த்ததில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

கீழே காய்கறிக் கடை வைத்திருந்தவர் முருகேசு. கல்லாப் பெட்டிக்கு மேலே சாமிப் படமும் ஒரு சூடப் பெட்டியும் வைத்திருப்பார். மறுநாள் காலை நான் மாடியேறும்போது அவர் பெட்டியைத் திறந்து பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மூடி சரியா மூடல மிஸ். பாதி சூடம் காத்தோட போயிருச்சு."

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். வில்லைகள் ஓரம் கரைந்து சிறுத்திருந்தன. ஈரம் இல்லை. உருகிய தடம் இல்லை. மூடியின் உட்பக்கத்தில் மட்டும் பொடிப் பொடியாகப் பளிங்கு போல ஏதோ ஒட்டியிருந்தது. ஆவியாகிப் போனதில் கொஞ்சம் குளிர்ந்த மூடியில் மறுபடி படிந்திருக்கிறது.

"எங்க வாங்குறீங்க இத? எனக்கு ஒரு பெரிய பொட்டலம் வேணும்."

முருகேசு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு எதுக்கு மிஸ் இம்புட்டு சூடம்?"

"ஒரு நிலா செஞ்சு பாக்கணும்."

மத்தியானம் பொட்டலம் மேசைக்கு வந்திருந்தது. அதோடு ஒரு பாக்கெட் தேயிலைத் தூளும் வாங்கிக்கொண்டேன், இருப்பதிலேயே நைசான டஸ்ட். சூடத்தை இடித்து, தூளைக் கலந்து, ஒரு தட்டத்தில் கெட்டியாக அமுக்கி, டம்ளரின் அடிப்பக்கத்தால் நடுவில் பெரிய பள்ளம் ஒன்றும் சுற்றிலும் விரல் நுனியால் சிறிய பள்ளங்களும் பதித்தேன். மொட்டைமாடியில் வெயில் விழும் இடத்தில், காற்று அடிக்காமல் சல்லடை கவிழ்த்து வைத்தேன். பண்டாரவளை வெயிலை நம்ப முடியாது. மூடுபனி வந்தால் தட்டத்தை உள்ளே எடுப்பேன், வெயில் வந்தால் வெளியே வைப்பேன். யோகராஜ் பார்த்தும் பார்க்காதது போல இருந்தான். அறை முழுக்கச் சூட வாசம். படியேறி வருபவர்கள் மேலே பூசை நடக்கிறதா என்று கேட்டார்கள்.

முதலில் மறைந்தது சிறிய பள்ளங்கள்தான். விளிம்பு தளர்ந்து, உள்ளே விழுந்து, தூள் நிரம்பி, இருந்த இடமே தெரியவில்லை. பெரிய பள்ளத்தின் விளிம்பு வரிசையாக மேடு மேடாக உடைந்தது. மேட்டின் உச்சியில் தூள் நிற்காமல் உதிர்ந்துவிட்டதால் அங்கே சூடம் வெள்ளையாகத் தெரிந்தது. தாழ்ந்த இடமெல்லாம் தேயிலைத் தூள் கறுப்பாகப் படிந்தது. கலிஸ்டோவின் படங்களில் நாம் பார்ப்பதும் அதுதானே, கறுத்த தரையில் வெள்ளை வெள்ளையாக மேடுகள். நான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் சரிவு வரவில்லை. அது வந்தது ஒரு லொறியால். முட்டைக்கோவா மூட்டை ஏற்ற வந்த லொறி கடைச் சுவரோடு உரசிக்கொண்டு நின்றபோது கட்டடம் ஒரு முறை குலுங்கியது. நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், இங்க வாங்க" என்று யோகராஜ் கூப்பிட்டான். எப்போது மொட்டைமாடிக்குப் போனான் என்று தெரியாது.

பெரிய பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர் பிய்ந்து கீழே நாக்காக விழுந்திருந்தது. நாக்கு கறுப்பாக இருந்தது. அதன் மேலே, சுவர் உரிந்த இடம் வெள்ளையாக இருந்தது. உள்ளேயிருந்த சூடம் வெளிப்பட்டது அந்த உரிந்த வடுவில்தான். நாக்கின் மேல் அல்ல. மேலே போர்வையாக இருந்த தூள் அப்படியே நாக்கின் முதுகில் ஏறிக் கீழே வந்துவிட்டது.

யோகராஜ் குனிந்து வடுவையும் நாக்கையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவன், "இது தட்டம் மிஸ். நிலா இல்ல" என்றான்.

"ஆமா" என்றேன். அவன் சொன்னது சரி. தட்டத்தில் ஈர்ப்பு வேறு, குளிர் வேறு, காலம் வேறு. தட்டம் நமக்கு ஒன்றையும் நிரூபித்துத் தராது. எதைக் கேட்க மறந்தோம் என்பதைக் காட்டும், அவ்வளவுதான். உங்களில் யாராவது இப்படி ஏதாவது செய்து பார்த்தால், பார்த்த பரவசத்தில் அதையே விடையாக எழுதிவிடாதீர்கள்.

"அப்ப உண்மையான சரிவு ஒண்ணப் போயிப் பாப்போமா?" என்று கேட்டேன்.

பசறை வீதியில் முந்தைய மழைக்காலத்தில் ஒரு தேயிலை மலை சரிந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பதுளைக்குப் போய் அங்கிருந்து பசறை பஸ் பிடித்தோம். வளைவுகளில் யோகராஜ் ஜன்னல் பக்கம் திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டே வந்தான். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தவுடன் தெரிந்தது. மேலே சிவப்பாக உரிந்த சுவர். கீழே, ஒரு பக்கம் சாய்ந்தபடி கிடந்த ஒரு துண்டு மலை. அதன் மேல் தேயிலைச் செடிகள் வரிசை குலையாமல் நின்றன. ஒரு அம்மா அதில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"இதுல எடுக்கலாமாங்க?" என்று கேட்டேன்.

"மழ இல்லாதப்ப எடுக்கிறதுதான். மேல இருந்த துண்டு இது. செடியோட அப்படியே வந்து உக்காந்துருச்சு. செத்துப்போகும்னு நெனச்சோம். போன மாசத்துலருந்து நல்லாத் துளிர்க்குது" என்றார். யோகராஜைப் பார்த்து, "தம்பிக்கு என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தண்ணீர் ஓடும் கானோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன், மலை சரிந்து லயங்களையே மூடிய மீரியபெத்தயைச் சேர்ந்தவன் என்பது எனக்குத் தெரியும். அந்த மலை வந்த அன்று அவன் பண்டாரவளையில் பள்ளிக்கூடத்தில் இருந்தான் என்பதும், அவனுடைய அம்மா வீட்டில் இருந்தார் என்பதும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

அவனாகவே பேசினான். "இங்க இப்படி முழுசா வந்திருக்கு மிஸ். எல்லாச் சரிவும் இப்படி வராது. சிலது சேறாக் கலக்கிக்கிட்டு வரும். மேல எது, கீழ எதுன்னு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

"ஆமா."

"கலிஸ்டோவுல அது கலங்கி வந்துச்சா, முழுசா வந்துச்சான்னு பாக்கணும். நான் அதப் பாக்கவே இல்ல." கானைப் பார்த்தபடியே தொடர்ந்தான். "அந்த நாக்கப் பாக்கும்போது எனக்குப் பயம் வராது மிஸ். கீழ யாரும் இல்ல. ஒரு சரிவு, யாரையும் ஒண்ணும் செய்யாம, சும்மா படுத்துக் கெடக்கு. அதுல ஒரு நாள் மனுசன் போயி இறங்குவான், தண்ணி எடுப்பான்னு நெனைக்கவே நல்லா இருந்துச்சு. அது நல்ல இடமா இருக்கணும்னு ஆசப்பட்டுட்டேன் போல."

அந்த அம்மா கேட்காமலேயே ஒரு போத்தல் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவன் குடித்தான். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

அடுத்து வந்த நாட்களில் அவன் செய்த வேலையைப் போல ஒன்றை நான் என் தொழிலில் அதிகம் பார்த்ததில்லை. நாக்கின் மேல் தெரிந்த சிறிய வெள்ளை மேடுகள் ஒவ்வொன்றையும் குறித்தான். சரியாமல் நின்ற விளிம்பின் மேல் இருந்த மேடுகளையும் குறித்தான். இரண்டும் ஒரே மாதிரி வரிசையில் இருந்தன. விளிம்பிலிருந்த வரிசை நாக்கின் மேலும் தொடர்ந்தது, கொஞ்சம் திரும்பி, கொஞ்சம் இடைவெளி விட்டு. பசறை மலையில் தேயிலை வரிசை வந்தது போல. சரிவு கலங்கி வரவில்லை. மேலே இருந்தது மேலேயே இருந்தபடி வந்திருக்கிறது. அப்படியென்றால் பழைய தூசிப் போர்வையும் கூடவே வந்திருக்க வேண்டும்.

தன் இடத்தைத் தானே கவிழ்த்துவிட்டு, "மிஸ், பாத்துருங்க" என்று என் பக்கம் திரையைத் திருப்பினான். நான் எங்காவது பிழை இருக்கிறதா என்று தேடினேன். உண்மையைச் சொன்னால், பிழை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் தேடினேன். படம் கரடுமுரடானது, சில மேடுகள் சந்தேகத்துக்குரியவை. ஆனாலும் வரிசை வரிசைதான்.

கூட்டத்துக்கு முதல் நாள் பத்மினி தொலைபேசியில் வந்தாள். நாங்கள் அனுப்பியதைப் படித்திருந்தாள்.

"ஸ்டெல்லா, நீங்க ரெண்டு பேரும் சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இதுவும் நிச்சயம் இல்லதானே? தூசி எவ்வளவு தடிப்புன்னு உங்களுக்கும் தெரியாது."

"தெரியாது."

"அப்ப ஏன் இத முன்னால வைக்கணும்? பள்ளம் கம்மி, சரிவு இளமையா இருக்கலாம்னு சொல்லு. 'இருக்கலாம்'னு சொன்னாப் பொய் இல்லியே. மத்தக் குழு அவங்க இடத்த அடிச்சுச் சொல்லப்போறாங்க. நாம தயங்கினா நம்ம இடம் போயிரும். அந்தப் பையன் வேலையும் போயிரும். அவனுக்காகத்தான் சொல்றேன்."

அவள் கெட்டவள் இல்லை. ஹட்டன் பக்கத்திலிருந்து போய், ஒரு குழுவைக் கட்டி நிறுத்தியவள். எங்கள் மாடியறைக்கு வேலை வந்ததே அவளால்தான். 'இருக்கலாம்' என்ற சொல்லையும் அவள் பொய்யாகச் சொல்லச் சொல்லவில்லை. பொருளில் அது சரியான சொல்தான். கேட்பவர் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அங்கேதான் சிக்கல்.

"அவன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

பத்மினி பேசியதை ஒன்றும் மறைக்காமல் யோகராஜிடம் சொன்னேன், வேலை போகும் என்றதையும் சேர்த்து. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நான் அவனுக்காக முடிவெடுப்பது அவனை அவமதிப்பதாகத் தோன்றியது. "நீங்க பேச வேணாம் மிஸ். நானே பேசுறேன்" என்றான்.

கூட்டம் எங்கள் நேரத்துக்குப் பின்னேரம். திரையில் பல நாட்டு முகங்கள். யோகராஜ் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். நாக்கு எவ்வளவு வழவழப்பு, இறங்குவதற்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதையெல்லாம் முன்பு சொன்ன அதே உற்சாகத்தோடு சொன்னான். பிறகு மேடுகளின் வரிசையைக் காட்டினான். பொறியியலாளர் இடைமறித்து, "அப்படியானால் தூசியின் தடிப்பு எவ்வளவு? ஒரு எண் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

"எண் என்னிடம் இல்லை" என்றான் யோகராஜ். "விரல் அளவாக இருக்கலாம், வீட்டு உயரமாகவும் இருக்கலாம். பனி கிட்டத்தில் இருக்கிறது என்று நம்புவதற்கு எங்களிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இப்போது இல்லை. துளைக்கருவிக்காக இந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்."

பத்மினி என் பெயரைச் சொன்னாள். "நீங்கள் இதை ஏற்றுக்கொள்கிறீர்களா?" கூட்டத்தில் அவள் என்னை நீங்கள் என்றுதான் கூப்பிடுவாள். ஆனாலும் அன்று அந்த 'நீங்கள்' கொஞ்சம் குளிராக இருந்தது.

"ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன். "ஆனால் இந்த இடத்தை மறந்துவிட வேண்டாம். பனி எங்காவது வெளியே இருந்தால் அது நாக்கின் மேலே, உரிந்த வடுவில் இருக்கும். அங்கே இறங்க முடியாது, பார்க்க முடியும். இப்போது வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் விண்கலம் கலிஸ்டோவை நெருங்கிப் பல முறை பறக்கப்போகிறது. பனிக்குள் ஊடுருவிப் பார்க்கும் ரேடாரும் அதில் இருக்கிறது. இந்த வடுவையும் நாக்கையும் பார்க்கச் சொல்லிக் கேட்போம். அதன் பிறகு இடம் தெரிவு செய்யலாம்."

எங்கள் இடம் பட்டியலிலிருந்து போயிற்று. மற்றக் குழுவின் இடம் தெரிவானது. பார்க்கச் சொல்லும் கோரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பத்மினி சில மாதங்கள் வேலை தவிர என்னோடு எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு கிறிஸ்மஸுக்குக் கூப்பிட்டாள். அந்தக் கூட்டத்தின் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. யோகராஜுக்கு அவள் சொன்னபடியே ஆயிற்று. ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் முருகேசு ஒரு பை நிறையக் கரட்டும் பீட்ரூட்டும் கட்டிக் கொடுத்தார். அவன் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு லேசாக இல்லை. நேர்மையாக நடந்தவனுக்கு நல்லது நடக்கும் என்று உங்களுக்கு எழுத எனக்கும் ஆசைதான். அன்று அப்படி நடக்கவில்லை.

பல மாதங்கள் வேலை இல்லாமல் இருந்தான். பிறகு பதுளையில் மலைச்சரிவு வேலைக்குப் போனான். நான் அவனுக்காகக் கேட்டு வைத்த வேலை இல்லை, அவனாகவே தேடிப்போனது. மழைக்காலத்தில் லயங்களுக்குப் போய், மேலே வெடிப்பு இருந்தால் எழும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். போனவர்கள் மலை வரவில்லை என்று திட்டுவார்கள். ஒருமுறை பேசும்போது, "என்ன சொல்லுவ அவங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன் மிஸ். எனக்குத் தெரியாது, ஆனா இன்னைக்கு இங்க படுக்காதீங்கன்னு சொல்லுவேன். திட்டிக்கிட்டே வர்றாங்க. வந்தாச் சரி."

கலிஸ்டோவில் தெரியாது என்று சொன்னால் ஒரு விண்கலம் வேறு இடத்துக்குப் போகும். இங்கே தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. தெரியாமலேயே ஒன்றைச் செய்யச் சொல்ல வேண்டும். எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொல்லிவிட்டு அதைச் செய்யச் சொல்கிறவனை ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக நம்புகிறார்கள் என்று அவனைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இனி உங்களுக்குச் சொல்ல வந்தது. அந்த விண்கலம் இன்னும் போய்ச் சேரவில்லை. அது நம் நாக்கைப் பார்க்குமா என்றும் தெரியாது, கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான். பார்த்தால், நாங்கள் தவறு என்றும் ஆகலாம். தூசிக்கு அடியில் கைக்கெட்டும் தூரத்தில் பனி பளபளவென்று இருந்திருக்கலாம். இருந்த இடங்களிலேயே நல்ல இடத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளிவிட்டிருக்கலாம். சில நாள் காலையில் விழித்ததும் முதலில் வரும் நினைவு அதுதான். வருத்தமாக இல்லை. அங்கே என்னதான் இருக்கிறது என்று அறியும் ஆவல்.

படங்கள் வரும்போது அவற்றை முதலில் திறக்கப்போவது நீங்கள். எங்களை நினைத்து ஒன்றையும் மெழுகிவிடாதீர்கள். நாங்கள் தவறு என்றால் தவறு என்று எழுதுங்கள், பெயர் போட்டே எழுதுங்கள். எழுதிவிட்டு அன்றைக்கே எனக்கும் யோகராஜுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருப்போம்.